வீட்டின் விலையில் சேராத தூரம்

கட்டி முடிக்கப்படாத அடுக்ககத்தில் வீடு வாங்குபவர் 5 விழுக்காடு ஜிஎஸ்டி செலுத்த வேண்டும். அந்த வீடு ‘மலிவு வீடு’ என்னும் வரையறைக்குள் வந்துவிட்டால் 1 விழுக்காடு போதும். 2019 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த இந்த ஏற்பாட்டின்படி, சென்னை போன்ற பெருநகரத்தில் உட்பரப்பு 60 சதுர மீட்டருக்கும் விலை 45 லட்சம் ரூபாய்க்கும் மிகாத வீடு மலிவு வீடாகும். அதே மத்திய அரசின் வீட்டுவசதித் திட்டமோ, ஆண்டு வருமானம் 3 லட்சம் ரூபாய் வரை உள்ள குடும்பத்தைப் பொருளாதாரத்தில் நலிவுற்ற பிரிவு என்றும், 3 லட்சத்துக்கு மேல் 6 லட்சம் வரை உள்ளதைக் குறைந்த வருவாய்ப் பிரிவு என்றும் வகுக்கிறது. இந்த இரண்டு வரையறைகளையும் ஒரே தாளில் அடுத்தடுத்து எழுதிப் பார்க்கலாம். ஆண்டுக்கு 3 லட்சம் என்றால் மாதத்துக்கு 25,000 ரூபாய். அதில் 30 விழுக்காட்டை வீட்டுக்கென ஒதுக்கலாம் என்ற வழக்கமான கணக்கை ஏற்றுக்கொண்டால் 7,500 ரூபாய். 8.5 விழுக்காடு வட்டியில் 20 ஆண்டுக்கு வாங்கும் கடனுக்கு, லட்சத்துக்கு ஏறத்தாழ 868 ரூபாய் மாதத் தவணை விழும் என்பதால், அந்தக் குடும்பத்தால் தாங்கக்கூடிய கடன் எட்டரை லட்சத்தைச் சற்றே தாண்டும். 45 லட்ச ரூபாய் வீட்டுக்கு ஐந்தில் நான்கு பங்கைக் கடனாக வாங்கினாலோ மாதத் தவணை 31,000 ரூபாயைத் தாண்டிவிடுகிறது. வீட்டில் எல்லோரும் ஒருவேளைகூட உண்ணாமல் இருந்தாலும் அந்தத் தவணையைக் கட்ட முடியாது.

விளம்பரப் பலகையில் காணும் மலிவு என்ற சொல்லுக்கும், வீட்டு வேலைக்குச் செல்லும் பெண், கட்டடத் தொழிலாளி, மீன் விற்பவர், அலுவலகக் காவலாளி ஆகியோரின் குடும்பக் கணக்குக்கும் இடையே உள்ள தொலைவு இவ்வளவு. அதிலும் மாதம் 25,000 என்பது அந்தப் பிரிவின் மேல் வரம்பு. அதற்குக் கீழே இருப்பவர்களில் பெரும்பாலானோர் நாள் கூலிக்கோ வாரக் கூலிக்கோ உழைப்பவர்கள். மழைக்காலத்தில் வேலை நிற்கும். சம்பளச் சீட்டு என்ற ஒன்றே கிடையாது. வங்கி முதலில் கேட்பது அந்தச் சீட்டைத்தான். ஆகவே சந்தையில் வீடு வாங்குவது இவர்களுக்கு இயலாத செயல் என்பதும், அரசு கட்டிக் கொடுப்பது அல்லது வாடகைக்குக் குடியிருப்பது அல்லது புறம்போக்கில் தானே கட்டிக்கொள்வது ஆகிய மூன்று வழிகளே எஞ்சுகின்றன என்பதும் விவாதத்துக்கு அப்பாற்பட்டவை. சென்னை இந்த மூன்று வழிகளையும் அரை நூற்றாண்டுக்கு மேலாகக் கண்டிருக்கிறது. அந்த அனுபவத்தைத் தொகுத்துப் பார்க்கும்போது, கட்டடத்துக்கு ஆகும் செலவை மட்டும் கணக்கில் எழுதிவிட்டு, வேலைக்கும் வீட்டுக்கும் இடையிலான தூரத்தைக் கணக்குக்கு வெளியே நிறுத்தியதுதான் சிக்கலின் வேர் என்று இக்கட்டுரை கருதுகிறது.

முதலில், பற்றாக்குறை என்பது எதைக் குறிக்கிறது என்பதைத் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும். 2012ஆம் ஆண்டில் மத்திய அரசின் தொழில்நுட்பக் குழு ஒன்று இந்திய நகரங்களில் 1 கோடியே 88 லட்சம் வீடுகள் பற்றாக்குறையாக இருப்பதாக மதிப்பிட்டது. அதில் 95 விழுக்காட்டுக்கு மேல் மேற்சொன்ன இரண்டு வருமானப் பிரிவினருக்கு உரியது. பலரும் கவனிக்கத் தவறும் செய்தி அடுத்த வரியில் இருந்தது: அந்தப் பற்றாக்குறையில் ஐந்தில் நான்கு பங்கு நெரிசலால் வருவது. கூரையே இல்லாதவர்கள் சுமார் 5 லட்சம் குடும்பங்கள். மற்றவர்களில் பெரும்பாலோர் ஓர் அறையில் ஏழெட்டுப் பேராக, மணமான மகனுக்கும் மருமகளுக்கும் நடுவே ஒரு சேலையைத் திரையாகக் கட்டிக்கொண்டு வாழ்பவர்கள். மறுபுறம், 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்போது நகர்ப்புற இந்தியாவில் 1 கோடியே 10 லட்சம் வீடுகள் பூட்டிக் கிடந்தன. நாட்டில் வீடு இல்லை என்பதைக் காட்டிலும், இருக்கும் வீட்டை இவர்கள் எட்ட முடியவில்லை என்பதே சரியான விவரிப்பு.

சென்னையில் உழைக்கும் குடும்பம் ஒன்று முதலில் எதிர்கொள்வது வாடகைச் சந்தையைத்தான். இங்கே பத்து மாத வாடகையை அட்வான்ஸாகக் கேட்கும் வழக்கம் நெடுங்காலமாக இருந்துவருகிறது. 2017இல் இயற்றப்பட்டு 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாடு நில உரிமையாளர், வாடகைதாரர் உரிமைகள் மற்றும் பொறுப்புகள் சட்டம், வேறுவிதமாக ஒப்பந்தம் செய்துகொள்ளாதவரை முன்பணம் மூன்று மாத வாடகையைத் தாண்டக்கூடாது என்கிறது. ஒப்பந்தத்தை எழுதுபவர் வீட்டுக்காரர் என்பதால் இந்த விலக்கு விதியையே விழுங்கிவிடுகிறது. ஒப்பந்தமே எழுதப்படாத ஒண்டுக் குடித்தனங்களில் சட்டத்தின் நிழல்கூட விழுவதில்லை. மொத்தமாக ஒரு தொகையைக் கொடுத்துவிட்டு வாடகையின்றிக் குடியிருக்கும் முறையும் உண்டு. சென்னையில் லீஸ் என்பார்கள், பிற ஊர்களில் ஒத்தி, போக்கியம் என்பார்கள். அந்தத் தொகையைத் திரட்ட நகையை அடகு வைத்தவர்கள் வட்டியாகக் கட்டுவதும் ஒரு வகையில் வாடகைதான். இவற்றோடு, மாடிக்கு ஒரு சப் மீட்டர் வைத்து, மின் வாரியம் வாங்குவதைவிட உயர்ந்த விகிதத்தில் கரண்ட் காசு வாங்குவது ஏறத்தாழ ஊர் வழக்கமாகிவிட்டது. இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவச மின்சாரம் என்ற அரசின் சலுகை பல நேரங்களில் வீட்டுக்காரரோடு நின்றுவிடுகிறது. எத்தனை பேர், எந்த ஊர், என்ன சாப்பிடுவீர்கள் என்ற கேள்விகளுக்குப் பின்னால் சாதியும் மதமும் நிற்பதை விளக்கிச் சொல்லத் தேவையில்லை.

இந்தச் சந்தைக்குள் நுழைய முடியாதவர்கள் ஆற்றங்கரையிலும் கால்வாய் ஓரத்திலும் கடற்கரையிலும் தாமே கட்டிக்கொண்ட குடியிருப்புகளுக்கே அரசு ஆவணங்கள் குடிசைப் பகுதி என்று பெயரிட்டன. சுதந்திரத்துக்கு முன்பின்னாக 1947இல் அமைந்த நகர மேம்பாட்டு அறக்கட்டளை (சி.ஐ.டி. நகர் என்ற பெயரில் அது இன்றும் வாழ்கிறது), அதன் வழித்தோன்றலாக 1961இல் உருவான வீட்டுவசதி வாரியம் ஆகியவற்றின் கவனம் பெரும்பாலும் மாதச் சம்பளக்காரர்கள் மீதே இருந்தது. குடிசைவாசிகளுக்கென்றே தனி அமைப்பு 1970இல் தி.மு.க. ஆட்சியில் வந்தது. ‘ஏழையின் சிரிப்பில் இறைவனைக் காண்போம்’ என்ற அண்ணாவின் வாசகத்தைத் தன் இலச்சினையில் ஏந்திய குடிசை மாற்று வாரியம், 1971இல் தனக்கென ஒரு சட்டத்தையும் பெற்றது. அதே காலத்தில் நடந்த கணக்கெடுப்பு நகரில் 1,202 குடிசைப் பகுதிகளைப் பதிவு செய்தது; அவற்றில் ஏழு லட்சத்துக்கும் மேற்பட்டோர் வாழ்ந்தார்கள்.

அந்தச் சட்டத்தின் அமைப்பு கவனிக்கத்தக்கது. ஒரு பகுதியைக் குடிசைப் பகுதி என்று அரசு அறிவித்துவிட்டால், அங்கே வாழ்பவர்களை முறையான அனுமதியின்றி வெளியேற்ற முடியாது. குடிநீர், கழிப்பிடம், விளக்கு ஆகியவற்றைக் கேட்டுப் பெறும் தகுதியும் அந்த இடத்துக்கு வந்துவிடுகிறது. அறிவிப்பு என்ற அந்த ஒற்றைத் தாள் ஒரு கேடயம். 1,202 பகுதிகளுக்குப் பிறகு 1985இல் மேலும் 17 பகுதிகள் அறிவிக்கப்பட்டன. அதற்குப் பிறகு சென்னையில் ஒரு பகுதிகூட அறிவிக்கப்படவில்லை. நகரம் நாற்பது ஆண்டுகளாக வளர்ந்துகொண்டே இருந்தது. 2011 கணக்கெடுப்பில் மாநகராட்சியின் பழைய எல்லைக்குள் 13 லட்சத்துக்கும் மேற்பட்டோர் குடிசைப் பகுதிகளில் இருந்தார்கள். பட்டியல் மட்டும் 1985லேயே உறைந்து நின்றது. சட்டத்தைத் திருத்தாமலும் ரத்து செய்யாமலும் ஒரு சட்டத்தைச் செயலிழக்கச் செய்வது எப்படி என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேட வேண்டியதில்லை.

வாரியத்தின் முதல் பத்தாண்டுக் கட்டடங்கள் மூன்று, நான்கு மாடிகள் கொண்டவை. ஒவ்வொரு வீடும் ஓர் அறை, ஒரு சமையல் மூலை, பெரும்பாலும் 200 சதுர அடியை ஒட்டிய அளவு. தரம் சுமார்தான். ஆனால் அவை நொச்சிக்குப்பத்திலும் பட்டினப்பாக்கத்திலும் சிந்தாதிரிப்பேட்டையிலும், அதாவது மக்கள் எங்கே வாழ்ந்தார்களோ அங்கேயே எழுந்தன. மீனவர் கடலைப் பார்த்தே தூங்கினார். சந்தையில் மூட்டை தூக்குபவர் நடந்தே வேலைக்குப் போனார். அந்தக் கட்டடங்கள் எத்தனையோ குறைகளோடும் அரை நூற்றாண்டு காலம் மக்களால் நிரம்பியே இருந்ததற்கு இடமே காரணம்.

எழுபதுகளின் பிற்பாதியில் உலக வங்கி உள்ளே வந்தது. மானியத்தில் அடுக்குமாடி கட்டித் தருவது அரசின் கையிருப்புக்குத் தாங்காது என்பது அதன் வாதம். 1977இல் தொடங்கிய சென்னை நகர வளர்ச்சித் திட்டத்தின் கீழ் அரும்பாக்கம், வில்லிவாக்கம், கொடுங்கையூர் ஆகிய இடங்களிலும், அதன் தொடர்ச்சியாக முகப்பேரிலும், வீட்டுக்குப் பதிலாக மனைகள் பிரித்துத் தரப்பட்டன. சாலை, குடிநீர், கழிவுநீர் இணைப்பு ஆகியவற்றை அரசு அமைத்துவிடும். வீட்டைக் குடும்பமே தன் வசதிக்கேற்பச் சிறிது சிறிதாகக் கட்டிக்கொள்ளும். மனை விலையைத் தவணையில் செலுத்தும். மிகச் சிறிய மனைகள் ஒரு சென்ட் அளவை ஒட்டியவை. அவற்றுக்குப் பக்கத்திலேயே நடுத்தர வருவாயினருக்கும் வணிகத்துக்குமான பெரிய மனைகளை விற்று, அதில் கிடைத்த ஆதாயத்தைக் கொண்டு சிறு மனைகளின் விலையைக் குறைத்தார்கள்.

அந்நாளில் இத்திட்டத்தைக் குறைகூறியவர்கள் பலர். ஊருக்கு வெளியே பொட்டலில் மனை கொடுத்து ஏழையின் தலையில் கட்டுமானச் செலவைச் சுமத்துகிறார்கள் என்பது அவர்கள் கேள்வி. அதில் நியாயமும் இருந்தது. கடைசித் தட்டில் இருந்தவர்களால் தவணை கட்ட முடியவில்லை. சிலர் மனையை விற்றுவிட்டுப் போனார்கள். ஆயினும் முகப்பேரிலோ அரும்பாக்கத்திலோ அந்தத் தெருக்களில் இன்று நடப்பவருக்கு, அவை ஒரு காலத்து ஏழைகளுக்கான திட்டப் பகுதிகள் என்பதைக் கண்டுபிடிப்பது கடினம். ஓர் அறை, பிறகு மாடி, மாடியில் வாடகைக்கு ஒரு போர்ஷன், கீழே ஒரு மளிகைக் கடை என்று வளர்ந்த வீடுகள் அவை. வருமானப் பிரிவுகள் கலந்து வாழ்ந்ததால் பள்ளியும் பேருந்தும் கடைகளும் தாமாகவே வந்து சேர்ந்தன. பிற்காலத்தில் அவற்றை மறு ஆய்வு செய்தவர்களும் வாழத்தக்க அடர்த்தியான குடியிருப்புகளாக அவை மாறியிருப்பதையே பதிவு செய்தார்கள். இருந்த இடத்திலேயே அடுக்குமாடி, மனை ஒதுக்கீடு, பின்னர் வந்த ஊருக்கு வெளியே குடியமர்த்தல் என்று சென்னை செய்த மூன்று முயற்சிகளில், சத்தமில்லாமல் பலித்தது மனை ஒதுக்கீடுதான் என்பது என் மதிப்பீடு. அதையே தொண்ணூறுகளில் கைவிட்டோம். மனை ஒதுக்கீட்டுக்குத் திறப்பு விழாக் கல்வெட்டு அவ்வளவு எடுப்பாக இருக்காது என்பதும் ஒரு காரணமாக இருக்கலாம்.

இதற்கிடையே சட்டத் தளத்தில் ஒரு முக்கியத் தீர்ப்பு வந்திருந்தது. 1985 ஜூலையில் பம்பாய் நடைபாதைவாசிகள் தொடர்பான ஓல்கா டெலிஸ் வழக்கில், வாழும் உரிமைக்குள் வாழ்வாதார உரிமையும் அடங்கும் என்று உச்ச நீதிமன்றம் கூறியது. நடைபாதையில் குடியிருப்பவர் அங்கே குடியிருப்பது பிழைப்பு அருகில் இருப்பதால்தான். அங்கிருந்து அகற்றுவது பிழைப்பையே அகற்றுவதாகும் என்ற வாதத்தை நீதிமன்றம் ஏற்றது. (அகற்றவே கூடாது என்று அது சொல்லவில்லை என்பதையும் சேர்த்தே நினைவில் கொள்ள வேண்டும்.) சென்னைக் குடிசைவாசிகளுக்காக, பின்னாளில் உயர் நீதிமன்ற நீதிபதியான, அன்றைய வழக்கறிஞர் கே. சந்துரு தொடுத்த வழக்கிலும் அதே காலத்தில்தான் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. வேலைக்கும் வீட்டுக்கும் இடையிலான தூரம் ஓர் அடிப்படை உரிமைப் பிரச்சினை என்பதை நாட்டின் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்ட பிறகு, பதினைந்து ஆண்டுகளில் சென்னை அதற்கு நேர் எதிரான திசையில் நடக்கத் தொடங்கியது.

2000ஆம் ஆண்டில் ஒக்கியம் துரைப்பாக்கத்தில் கண்ணகி நகர் உருவானது. மேம்பாலங்கள், பறக்கும் ரயில், ஆற்றுத் தூய்மைப் பணி என்று நகரின் ஒவ்வொரு திட்டமும் அகற்றிய குடும்பங்கள் அங்கே கொண்டுசெல்லப்பட்டன. இன்று அங்கே 15,656 வீடுகள் உள்ளன; தொடக்கத்தில் கட்டப்பட்டவை 200 சதுர அடியைக்கூட எட்டவில்லை. 2004 ஆழிப்பேரலைக்குப் பிறகு செம்மஞ்சேரியில் 6,764 வீடுகள். 2005 இறுதியில் தொடங்கிய ஜவாஹர்லால் நேரு நகர்ப்புறப் புனரமைப்புத் திட்டத்தின் நிதியில் எழில் நகரும், எட்டு அடுக்குகளோடு லிஃப்ட் வைத்த பெரும்பாக்கமும் எழுந்தன; பெரும்பாக்கத்தில் மட்டும் 20,000க்கும் மேற்பட்ட வீடுகள். 2015 டிசம்பர் வெள்ளத்துக்குப் பிறகு அடையாறு, கூவம் கரைகளில் இருந்த ஆயிரக்கணக்கான குடும்பங்கள் அங்கே அனுப்பப்பட்டன. நிலம் மலிவாகக் கிடைத்த இடத்தில், ஒரு வீட்டுக்கு இவ்வளவு என்ற அடக்கச் செலவுக்குள், நிதியாண்டு முடிவதற்குள் கட்டி முடிக்க வேண்டும் என்ற கணக்கில் பார்த்தால் இவை யாவும் வெற்றிகரமான திட்டங்களே.

சிந்தாதிரிப்பேட்டையிலிருந்து பெரும்பாக்கம் ஏறத்தாழ 25 கிலோமீட்டர். நடந்து போய் நான்கு வீடுகளில் பாத்திரம் தேய்த்துவிட்டு, பிள்ளை பள்ளிக்குக் கிளம்பும் நேரத்தில் திரும்பி வந்துகொண்டிருந்த பெண்ணுக்கு, இந்த 25 கிலோமீட்டர் என்பது வேலை நேரத்தையே மாற்றிவிடுகிறது. விடியுமுன் பேருந்து ஏறினால்தான் முதல் வீட்டுக்குப் போய்ச் சேர முடியும். நான்கு வீடு இரண்டாகக் குறையும். குழந்தையைப் பார்த்துக்கொள்ள அக்கம்பக்கத்தில் இருந்த பாட்டியோ அத்தையோ வேறு பிளாக்கில், சில நேரம் வேறு குடியிருப்பில் இருப்பார். படிப்பாண்டின் நடுவில் இடம்பெயர்த்ததால் பள்ளியை விட்ட பிள்ளைகளைப் பற்றி எழுதப்படாத ஆய்வறிக்கை இல்லை. முகவரியைக் கேட்டதும் வேலை தர மறுக்கிறார்கள் என்பதால் உறவினர் வீட்டு முகவரியைக் கொடுக்கும் இளைஞர்களும், அந்த முகவரிக்குக் கடன் தரக்கூடாது என்று வைத்திருக்கும் நிதி நிறுவனங்களும் நகரத்தில் அனைவரும் அறிந்த செய்தி.

ஒதுக்கீடு பெற்றவர்களில் ஒரு பகுதியினர் வீட்டை உள்வாடகைக்கு விட்டுவிட்டு, அல்லது வெள்ளைத் தாளில் எழுதிக் கொடுத்து விற்றுவிட்டு, பழைய இடத்துக்கு அருகிலேயே ஓர் அறையை வாடகைக்கு எடுத்துக்கொண்டு திரும்பிவிடுகிறார்கள். அதிகாரிகள் இதை முறைகேடு என்கிறார்கள். தொலைக்காட்சி விவாதங்களில், ‘வீடு கொடுத்தால் விற்றுவிட்டு மறுபடியும் குடிசை போடுகிறார்கள்’ என்ற வசனம் தவறாமல் வரும். சிறிது யோசித்தால் இது ஒரு விலைக் கணக்கு என்பது புரியும். சொந்தமாக, கான்கிரீட்டில், லிஃப்டோடு ஒரு வீட்டை வைத்திருப்பவர், அதை விட்டுவிட்டு மாதாமாதம் வாடகை கொடுத்து ஓர் ஓட்டு அறையில் இருக்க முன்வருகிறார் என்றால், அந்த இரண்டு இடங்களுக்கும் நடுவே உள்ள தூரத்துக்கு அவர் என்ன விலை வைக்கிறார் என்பதைத்தான் அது காட்டுகிறது. எந்த மதிப்பீட்டு அறிக்கையும் சொல்லாத விலை அது.

எல்லாம் ஒரே இருட்டு என்று எழுதிவிடுவதும் உண்மைக்கு நியாயம் செய்யாது. 2000இல் கண்ணகி நகர் அத்துவானமாக இருந்தது. பின்னர் பழைய மாமல்லபுரம் சாலை முழுவதும் மென்பொருள் நிறுவனங்களும் அடுக்ககங்களும் வந்துவிட்டதால், அவற்றின் துப்புரவுப் பணியும் சமையலறை வேலையும் காவல் வேலையும் இந்தக் குடியிருப்புகளை நம்பியே நடக்கின்றன. நகரம் தானாக நகர்ந்து வந்து தூரத்தில் பாதியைக் குறைத்தது. ஆனால் அதற்குள் ஒரு தலைமுறை கடந்துவிட்டது. 2021 மே மாதம் சாதாரணக் கட்டணப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமில்லாப் பயணம் அறிவிக்கப்பட்டபோது, அது வீட்டுவசதித் திட்டம் என்று எவரும் சொல்லவில்லை. பெரும்பாக்கத்திலும் செம்மஞ்சேரியிலும் அது வேறெந்த வீட்டுவசதி அறிவிப்பையும்விடக் குடும்பச் செலவைக் குறைத்திருக்கும். பயண நேரத்தை மட்டும் அதனால் குறைக்க முடியாது. மற்றொரு முரணையும் குறிப்பிட்டாக வேண்டும்: ஆற்று வெள்ளத்திலிருந்து காப்பாற்றுவதாகச் சொல்லி மக்களைக் கொண்டுசென்ற செம்மஞ்சேரியும் பெரும்பாக்கமும் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தின் நீர்ப்போக்கில் அமைந்தவை, பெருமழை வரும் ஆண்டுகளில் அங்கும் தரைத்தளத்தில் தண்ணீர் நிற்கிறது.

2015 ஜூனில் தொடங்கிய பிரதமரின் நகர்ப்புற வீட்டுவசதித் திட்டத்தில் நான்கு கிளைகள் இருந்தன. சொந்த மனை உள்ளவர் தானே கட்டிக்கொள்ள உதவி, கூட்டாண்மையில் அடுக்ககம், இருக்கும் இடத்திலேயே மறுகட்டமைப்பு, கடன் வட்டிக்கு மானியம். பெருநகரத்து ஏழையிடம் மனை இல்லை என்பதால் முதல் கிளை சிற்றூர்களுக்கும் சிறு நகரங்களுக்கும் பயன்பட்டது. வட்டி மானியம் கடன் கிடைத்தவர்களுக்கே பயன்பட்டு 2022 மார்ச்சில் முடிந்தது. சென்னைக்கு முக்கியமாக இருந்த அடுக்ககக் கிளையில் மத்திய அரசின் பங்கு ஒரு வீட்டுக்கு 1.5 லட்சம் ரூபாய். எஞ்சியதில் பெரும்பங்கு மாநில அரசுடையது. மீதி, பயனாளிப் பங்களிப்பு என்ற பெயரில் குடும்பத்திடமிருந்து வர வேண்டும். லட்சக்கணக்கில் அமையும் அந்தப் பங்களிப்பைக் கட்ட முடியாமல் வட்டிக்கு வாங்குவோர் உண்டு. இலவச வீடு என்று வெளியே பேசப்படுவதற்கும் உள்ளே நடப்பதற்கும் இடையே இப்படியும் ஒரு வேறுபாடு இருக்கிறது.

வாரியம் 2021இல் நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் என்று பெயர் மாறியது. அதே ஆண்டு ஆகஸ்டில், புளியந்தோப்பு கே.பி. பார்க்கில் புதிதாகக் கட்டிய குடியிருப்பின் சுவர்ப்பூச்சு கை வைத்தாலே உதிர்வது செய்தியானது. டிசம்பர் 27 அன்று திருவொற்றியூர் அரிவாக்குளத்தில் பழைய குடியிருப்புக் கட்டடம் ஒன்று 24 வீடுகளோடு இடிந்து விழுந்தது. விரிசலைக் கண்டு மக்கள் முன்கூட்டியே வெளியேறியிருந்ததால் உயிர்ச்சேதம் இல்லை. அதன் பிறகு பழைய வாரிய வீடுகளை இடித்து, அதே இடத்தில் ஏறத்தாழ 400 சதுர அடி வீடுகளாகக் கட்டும் பணி வேகம் பெற்றது. இருக்கும் இடத்திலேயே கட்டுவது என்ற கொள்கைக்கு வாரியம் திரும்பியிருப்பதாக இதைக் கொள்ளலாம். இது வரவேற்கத்தக்க திருப்பம். ஆனால் கட்டி முடியும் வரை அந்தக் குடும்பங்கள் எங்கே இருப்பது? இடைக்காலத்துக்கான கருணைத் தொகை 8,000 ரூபாயிலிருந்து 24,000 ஆக உயர்த்தப்பட்டது. பணி 18 மாதத்தில் முடிந்தாலும் மாதத்துக்கு 1,333 ரூபாய். இரண்டு ஆண்டு ஆனால் 1,000. அட்வான்ஸ் என்ன, வாடகை என்ன என்று மேலே கண்டோம். தவிரவும், ஒரே வீட்டில் மூன்று தலைமுறையாகப் பெருகி மூன்று குடும்பமானவர்களுக்கு ஓர் ஒதுக்கீட்டு ஆணைதான். அங்கே வாடகைக்கு இருந்தவர்களுக்கு எந்த ஆணையும் இல்லை. கிரயப் பத்திரம் கைக்கு வராமலே பல பத்தாண்டுகள் குடியிருந்தவர்கள், இடிக்கும் நேரத்தில் தாம்தான் ஒதுக்கீடுதாரர் என்பதை நிரூபிக்க அலைய வேண்டியிருக்கிறது.

நகருக்குள் நிலம் இல்லை என்பதே வெளியே அனுப்புவதற்கு எப்போதும் சொல்லப்படும் காரணம். ‘சிங்கப்பூரைப் பாருங்கள்’ என்பதும் கூடவே வரும். சிங்கப்பூரின் வீட்டுவசதி வளர்ச்சிக் கழகம் 1960இல் அமைக்கப்பட்டது; இன்று அங்கே குடிமக்களில் சுமார் 80 விழுக்காட்டினர் அதன் வீடுகளில் வாழ்கிறார்கள். அதன் கட்டடங்களைக் காட்டும் நம்மவர்கள், 1966இன் நில எடுப்புச் சட்டத்தின் மூலம் தீவின் நிலத்தில் மிகப் பெரும்பகுதியை அரசு தன் கையில் வைத்துக்கொண்டதையும், 1968 முதல் தொழிலாளியின் சேமநல நிதியையே வீட்டுத் தவணைக்குப் பயன்படுத்த விட்டதையும் சொல்வதில்லை. மாடிகளின் எண்ணிக்கையை மட்டும் எடுத்துக்கொண்டு பெரும்பாக்கத்தைக் கட்டினோம். சென்னையிலோ நகருக்குள் அரசுத் துறைகளிடமும் பொதுத்துறை நிறுவனங்களிடமும் உள்ள நிலம், விற்பனைக்கோ வணிக வளாகத்துக்கோ வரும்போது கண்ணில் படுகிறது. தொழிலாளர் குடியிருப்பு என்றவுடன் மறைந்துவிடுகிறது. ஒரே கால்வாய்க் கரையில் குடிசை ‘ஆட்சேபணைக்குரிய புறம்போக்கு’ ஆவதும், பறக்கும் ரயிலின் தூண் வளர்ச்சி ஆவதும் இந்த நகரம் பழகிப்போன காட்சி. 2022 மே மாதம் பக்கிங்ஹாம் கால்வாயை ஒட்டிய ராஜா அண்ணாமலைபுரம் கோவிந்தசாமி நகரில் வீடுகள் இடிக்கப்பட்டபோது முதியவர் ஒருவர் தீக்குளித்து இறந்தார். அதன் பிறகே, அம்மக்களுக்கு அருகிலேயே மாற்று வீடு தரப்படும் என்று சட்டமன்றத்தில் முதலமைச்சர் அறிவித்தார். அருகிலேயே இடம் இருந்திருக்கிறது.

வேலையை ஒட்டி வீடு என்ற கருத்து அரசுக்கு அந்நியமானதும் அல்ல. ஸ்ரீபெரும்புதூரை அடுத்த வல்லம் வடகாலில், 706.50 கோடி ரூபாய் செலவில் மாநில அரசின் தொழிற்பேட்டை நிறுவனமான சிப்காட் கட்டிய, 18,720 பெண் தொழிலாளர்கள் தங்கக்கூடிய விடுதி 2024 ஆகஸ்டில் திறக்கப்பட்டது. மின்னணுத் தொழிற்சாலைகளுக்கு ஆள் வேண்டும். வீடு இல்லாமல் ஆள் வரமாட்டார்கள். எனவே தொழிற்சாலைக்குப் பக்கத்திலேயே தங்குமிடத்தை அரசு கட்டுகிறது. தூரத்துக்கு விலை உண்டு என்பதை இங்கே எவரும் எடுத்துச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. பணிபுரியும் பெண்களுக்கான தோழி விடுதிகளும் இதே தர்க்கத்தில் நகரங்களுக்குள் வந்திருக்கின்றன. ஆனால் விடுதி என்பது கட்டிலுக்கான இடம், குடும்பத்துக்கான இடமன்று. பத்தொன்பது வயதில் அங்கே வந்து சேரும் பெண் இருபத்து நான்கில் திருமணம் செய்துகொண்டால் கட்டிலைக் காலி செய்துவிட்டு, சுற்றுவட்டார ஊர்களில் தகரக் கூரை போட்ட லைன் வீடுகளில் ஓர் அறையைத் தேட வேண்டும், அல்லது வேலையை விட வேண்டும்.

குடும்பங்களுக்கான வாடகை வீடு என்பது 2020 வரை பெரிய திட்டங்களில் பெரும்பாலும் இடம்பெறவில்லை. ஊரடங்கில் புலம்பெயர் தொழிலாளர்கள் நெடுஞ்சாலைகளில் நடந்ததை நாடே பார்த்த பிறகு, அந்த ஆண்டு ஜூலையில் மலிவு வாடகைக் குடியிருப்புத் திட்டம் ஒன்று அறிவிக்கப்பட்டது. 2024 செப்டம்பரில் தொடங்கிய பிரதமரின் திட்டத்தின் இரண்டாம் கட்டத்தில் அது தனிக் கிளையாகவே சேர்க்கப்பட்டிருக்கிறது. வாடகை வீட்டைக் கட்டுபவருக்கு விற்று லாபம் எடுக்கும் வாய்ப்பு இல்லை. பராமரிப்பு பல பத்தாண்டு தொடர வேண்டும். வாடகையோ குறைவாக இருக்க வேண்டும். தனியார் இதற்கு எளிதில் வரமாட்டார்கள். அரசே கட்டி, அரசே வாடகைக்கு விட்டு, அரசே குழாயைப் பழுது பார்க்கும் ஓர் அமைப்பு நம்மிடம் ஏற்கெனவே இருக்கிறது. தமிழ்நாட்டில் அரசு ஊழியர்களுக்கென நகரின் நடுவே, அலுவலகங்களுக்கு அருகில், ஊதியத்தில் பிடித்துக்கொள்ளும் வாடகைக்கு வீடுகள் பல தலைமுறைகளாக ஒதுக்கப்பட்டு வருகின்றன. அந்த அலுவலகங்களைக் கூட்டிப் பெருக்கும் ஒப்பந்தத் தொழிலாளி பெரும்பாக்கத்திலிருந்து முதல் பேருந்தில் வருகிறார்.